பெண்ட்ரியின் கதையை நான் பாடமாக்கிய வீடு

இத்தாலியில், பலெர்மோவில் எங்கள் பங்கு மண்டபத்தில் இப்போது சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடக்கிறது. வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போக விரும்பும் எங்கள் பிள்ளைகளைச் சான்றிதழ்ப் பரீட்சைக்குப் பழக்குகிற வகுப்பு. நாங்கள் வந்த காலத்தில் இந்த வேலைக்கு ஒருவரும் சான்றிதழ் கேட்டதில்லை. கை சுத்தமாக இருக்க வேண்டும், பொறுமை இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி, அதைப் புரட்டக் காட்டிக் கொடுக்கிறார்கள். போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். என் வலது தோள் மேலே எழும்பாது. வாயால் மட்டும் சொல்லலாம் என்று போனேன்.

முடியும் நேரத்தில் நிரோஷா என்ற பிள்ளை கேட்டது.

"அன்ரி, நீங்கள் பார்த்ததிலை ஆகக் கஷ்டமான ஆள் ஆர்?"

"ஆளுகளிலை கஷ்டமான ஆள் எண்டு ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. கஷ்டமான வீடு ஒண்டு இருந்தது."

"அதைச் சொல்லுங்கோவன்."

அன்றைக்கு மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்துவிட்டார். சொல்லாமல் வந்தது மனதில் கிடந்து உறுத்தியபடியால் எழுதுகிறேன்.

மன்னாரில் இருந்து நான் வந்தபோது என் மனுசன் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கோடையில் நானும் அங்கே கடற்கரை வீடுகளைக் கூட்டித் துடைத்தேன். மாரியில் மாடிப்படிகள் கழுவினேன். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் நின்ற காலைகளைச் சொல்லப் போனால் அதுவே ஒரு கதை. பிறகு ஒரு கிழவரைப் பார்க்கும் வேலை கிடைத்தது. அவரைப் பார்க்க வந்த தாதி ஒருத்திதான் எனக்குத் தொழில் பழக்கியவள். நோயாளியைத் தூக்காதே, உருட்டு என்பாள். முதுகை வளைக்காதே, முழங்காலை மடி என்பாள். அவள் சொன்னவற்றை வைத்தே மற்ற வீடுகளிலும் காலம் தள்ளினேன். மனுசன் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். மகள் கலியாணம் முடித்து ஜெர்மனிக்குப் போனாள். தனி வீட்டில் இருக்கப் பிடிக்காமல், தங்கி நிற்கும் வேலை தேடியபோது கிடைத்ததுதான் அந்த வீடு.

கபோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடி. லிப்ற் இல்லை. கீழே மீன்காரர் கத்துவது குசினிக்குள் கேட்கும். வீட்டுக்காரி ஓய்வு பெற்ற ஆசிரியை. உயர்பள்ளியில் ஓவியக்கலை வரலாறு படிப்பித்தவர். லெத்தீட்சியா என்று பெயர். கலியாணம் முடிக்கவில்லை. சந்தையில் எல்லாரும் அவரைப் 'புரொபெசொரெசா' என்று கூப்பிடுவார்கள். நானும் வாயால் அப்படித்தான் சொன்னேன், மனதுக்குள் அவர் எனக்கு ரீச்சர்.

வேலைக்கு வந்தவளை இங்கே பெரும்பாலும் 'நீ' என்றுதான் கதைப்பார்கள். குறையாகச் சொல்லவில்லை, அது வழக்கம். ரீச்சர் முதல் நாளே 'நீங்கள்' என்றார். "சிஞ்ஞோரா ஃபிலோமேனா, உங்களுக்கு வசதிப்பட்டால் கோப்பி போடுவோமா?" என்பார். பிலோமினா என்ற என் பெயர் அவர் வாயில் அப்படி ஆகிவிட்டது. குசினிக்குள் வரமுதல் கதவில் தட்டுவார். அவருடைய சொந்தக் குசினி.

"ஏன் தட்டுகிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்கள் வேலை செய்யும் இடம் இது. நான் வேலை செய்யும்போது என் அறைக் கதவை நீங்கள் தட்டுகிறீர்கள்தானே?" என்றார்.

என் இத்தாலியன் அரைகுறை. பிழையாகச் சொன்னால் ரீச்சர் திருத்தமாட்டார். தான் மறுமொழி சொல்லும்போது அதே சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போவார். எனக்குப் பிழை விளங்கும், வெட்கம் வராது. வகுப்பிலும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டறையில் ஒரு ஓவியம் தொங்கியது. பலெர்மோக் குசினி ஒன்று. முன்னால் ஒரு வேலைக்காரப் பிள்ளை நின்று மீன் வெட்டுகிறாள். பின்னால் யன்னலோரம் ஒரு பெண் சாம்பல் நிற உடுப்போடு, தோளில் சால்வை போட்டு, எங்களுக்கு முதுகு காட்டிக் கதிரையில் இருக்கிறாள். அவள் முகம் தெரியாது. கழுத்துக்குக் கீழே சால்வை விலகின இடத்தில் கொஞ்சம் வெயில் விழுந்திருக்கும். ரீச்சரின் தகப்பன் அதைப் பழைய சாமான் கடையில் வாங்கிக் கொண்டுவந்தவராம். சின்ன வயதில் இருந்து அந்தப் படத்துக்கு நேரே இருந்துதான் ரீச்சர் சாப்பிட்டிருக்கிறார். ஆர் வரைந்தது என்று தேடத் தொடங்கி, அதுவே அவருடைய வாழ்க்கை ஆகிவிட்டது.

வரைந்தவர் ஆல்பர்ட் பெண்ட்ரி என்ற ஆங்கிலேயர். விக்டோரியா மகாராணி காலத்து மனிதர். அவரைப் பற்றி ரீச்சர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். லண்டனுக்குப் பல தடவை போய் வந்திருக்கிறார். பின்னேரங்களில் நான் அவரைக்காயோடு மேசைக்கு வந்தால் ரீச்சரும் வந்து இருப்பார். இரண்டு பேருமாக உரிப்போம். அப்போதுதான் பெண்ட்ரியின் கதை துண்டு துண்டாக வரும்.

செருப்புத் தைப்பவரின் மகன். லண்டனுக்கு வந்து, அரசரையும் போரையும் வரையாமல் சாதாரண வீடுகளில் நடப்பதை வரைந்தார். மருந்து குடிக்க மறுக்கும் குழந்தை, தபால்காரனை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் பெண், தொட்டிலை ஆட்டியபடி தூங்கிப்போன தகப்பன். சனங்களுக்குப் பிடித்துவிட்டது. அச்சடித்த படங்களை வாங்கி வீட்டுக்கு வீடு கொழுவினார்களாம். பிறகு காலம் மாறியது. மற்றவர்கள் வேறு மாதிரி வரையத் தொடங்கினார்கள். பெண்ட்ரியின் படங்களைப் பார்த்துப் பெரிய ஆட்கள் சிரித்தார்கள்.

அந்த நேரம்தான் அவருடைய மனைவி ஹரியட்டுக்கு நெஞ்சில் காசம். வெயில் உள்ள ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள் வைத்தியர்கள். இங்கே வைன் வியாபாரம் செய்த ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று இடம் கொடுத்தது. ஹரியட்டுக்கு வர விருப்பமில்லை. அவர்களுடைய ஒரே பிள்ளையை இங்கிலாந்தில் புதைத்திருந்தார்கள். அந்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்றாளாம். பெண்ட்ரி கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த பிறகு அவள் யன்னலோரம் இருந்தவள்தான். அவர் திரும்பத் திரும்ப அவளை வரைந்தார். எல்லாப் படத்திலும் முதுகுதான்.

"இவருக்கு முகம் வரைய வராமல் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார்கள்," என்றார் ரீச்சர். "மீன் வெட்டும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். இதை வரைந்தவருக்கா வராது? ஹரியட் திரும்பவில்லை. அவர் கேட்டிருக்கவும் மாட்டார்."

அவள் பலெர்மோவிலேயே செத்தாள். பெண்ட்ரி ஊருக்குத் திரும்பவில்லை. வியாபாரிகளின் பெண் பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்கிச் சீவித்து, அவளுக்குப் பக்கத்திலேயே அடக்கமானார். லண்டனில் அவர் செத்தது தெரிந்தவர்களே குறைவாம்.

ஒரு காலை ரீச்சர் கோப்பிக்கு வரவில்லை. அறைக்குள் போனபோது கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் கிடந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தபோது அவரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. 'தொமானி'. நாளைக்கு. தண்ணீர் வேண்டும் என்றாலும் தொமானி. தலையணை உயரம் என்றாலும் தொமானி. எத்தனை மொழி தெரிந்த மனுசி. எல்லாம் தலைக்குள் அப்படியே இருந்தது, வெளியே வரும்போது அந்த ஒரு சொல்லாகத்தான் வந்தது.

பிள்ளைகளுக்காகச் சில விசயங்களை இங்கே எழுதி வைக்கிறேன். இப்படியானவருக்குச் சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் போடுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்றுங்கள். தண்ணீரைத் தண்ணீராகக் கொடுக்க வேண்டாம், அது சுவாசப்பைக்குள் போகும். மா கலந்து தடிப்பாக்கிக் கரண்டியால் கொடுங்கள். சாப்பாட்டை நல்ல பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். முடிந்த பிறகு மற்றக் கன்னத்துக்குள் விரல் விட்டுப் பாருங்கள். அங்கே ஒரு வாய்ச் சாப்பாடு ஒளித்துக் கிடக்கும், அவர்களுக்கே தெரியாது. குதிக்கால் மெத்தையில் படக்கூடாது, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். அந்த வீட்டில் இருந்தவரைக்கும் ரீச்சரின் உடம்பில் ஒரு புண் வர நான் விடவில்லை. இன்னொன்று, கதவில் தட்டுங்கள். அவர் அசைய முடியாமல் கிடந்தாலும் நான் தட்டிவிட்டுத்தான் போவேன்.

லண்டனில் உள்ள ஒரு ஓவியக்கூடத்தில் இருந்து ஒரு பெண் வருவதாக முன்பே ஏற்பாடாகி இருந்தது. மறக்கப்பட்ட ஓவியர்களைப் பற்றிக் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். ரீச்சர் எத்தனையோ வருடமாக எதிர்பார்த்த ஆள். மிலானோவில் இருந்த அவருடைய தங்கச்சியின் மகன் ஸான்ட்ரோ, இந்த நிலைமையில் வேண்டாம் என்று நிறுத்தப் பார்த்தார். ரீச்சர் தொமானி தொமானி என்று இடது கையால் மேசையில் அடித்தார். வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

அன்றைக்கு நீல நிற உடுப்பைப் போட்டுத் தலை இழுத்து, சில்லுக் கதிரையில் ஓவியத்துக்குப் பக்கத்தில் இருத்தினேன். வந்த பெண் நல்ல பிள்ளை. இத்தாலியன் கதைத்தாள். முழந்தாளிட்டு ரீச்சரின் கையைப் பிடித்துக் கதைத்தாள். பிறகு படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இந்தப் பெண் ஏன் திரும்பி இருக்கிறாள் என்று நினைக்கிறீர்கள்?"

ரீச்சரின் முகம் முழுக்கச் சிவந்தது. "தொமானி," என்றார். "தொமானி. தொ... தொமானி." வாய் கோணி, எச்சில் வழிந்தது. நான் துடைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி என்னைக் காட்டினார். நீங்கள் சொல்லுங்கள் என்று.

எனக்குத் தெரியும்தானே. உரித்த அவரைக்காய்க்குக் கணக்கில்லை, அவ்வளவு தரம் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை பேனையோடு என்னைப் பார்த்தபோது இத்தாலியன் எல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. ஹரியட் செத்தாள் என்றேன். எங்கே என்று கேட்டாள். இங்கிலாந்தில் என்றேன். பிள்ளையையும் தாயையும் மாற்றிப்போட்டுவிட்டேன். ரீச்சர் கதிரைக் கையில் அடித்தார். நான் பயந்து இன்னும் குழப்பினேன். அவர் அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு அடிப்பதை நிறுத்தி அழத் தொடங்கினார். அந்தப் பிள்ளை பேனையை மூடிவிட்டு, "களைத்துப் போனார், நான் பிறகு எழுதிக் கேட்கிறேன்," என்று எழும்பினாள். படியால் இறங்கும்போது என்னிடமும் நன்றி சொன்னாள்.

அன்று ரீச்சரைக் கட்டிலில் கிடத்தும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் நல்ல கையால் என் கன்னத்தைத் தொட்டார். "தொமானி," என்றார், மெல்லமாக. நாளைக்கு என்றுதான் சொன்னார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன், ஏனென்றால் அடுத்த நாளே பாடம் தொடங்கியது.

பின்னேரங்களில் தன்னைப் படத்துக்கு முன்னால் இருத்தச் சொல்லிக் கையால் காட்டுவார். நான் பெண்ட்ரியின் கதையைத் தொடக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். பிழைத்தால் கதிரைக் கையில் ஒரு தட்டு. நான் யோசித்து மாற்றிச் சொல்வேன். சரி என்றால் தலையாட்டுவார். செருப்புத் தைத்த தகப்பன், லண்டன், தொட்டிலை ஆட்டும் தகப்பன் படம், ஹரியட்டின் இருமல், பிள்ளையின் கல்லறை, கப்பல், யன்னல். இப்படிப் பாடமாக்கினேன். மாரி முடிந்து சந்தையில் ஸ்ட்ரோபெரி வந்த காலத்தில் ஒரு தட்டும் வாங்காமல் முழுக்கச் சொல்லி முடித்தேன். ரீச்சர் நெடுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரைக் கழுவித் துடைக்கும்போது ஏதோ ஒரு பாட்டு மாதிரி மூக்குக்குள் முனகினார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த நல்ல நாள் அது.

லண்டன்காரி திரும்பி வரவில்லை. பெண்ட்ரி இல்லாமலே கண்காட்சி நடந்தது என்று பிறகு ஸான்ட்ரோ சொன்னார். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. தெரியாத ஓவியரை ஆர் சொல்லை நம்பி வைப்பார்கள்?

அந்தக் கோடையில் என் தோள் போனது. ரீச்சரைக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றும்போது அவருடைய நல்ல கால் வழுக்கியது. விழவிட முடியாதுதானே. முழுப் பாரத்தையும் வலது கையில் தாங்கினேன். உள்ளே ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டொக்டர் தோளைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி ஒருவரையும் தூக்கக்கூடாது, கை முழுக்கப் போய்விடும் என்றார். ஸான்ட்ரோ வேறு ஆட்களைக் கூட்டிவந்து பார்த்தார். ஒரு பெண் தொட்டதும் ரீச்சர் சத்தம் போட்டு அவளுடைய கையைக் கடித்துவிட்டார். அடுத்தவள் ஒரு கிழமை நின்றாள். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாலும் அவள் கரண்டிக்கு ரீச்சர் வாய் திறக்கவில்லை. உடம்பு வற்றத் தொடங்கியது. கடைசியில் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் எடுத்தார் ஸான்ட்ரோ. வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

ஸான்ட்ரோ சுற்றி வளைக்கவில்லை. கட்டிலில் பக்கத்தில் இருந்து, "பெரியம்மா, இஞ்சை இனி ஏலாது. பிலோமேனாவின்ரை கை போயிட்டுது. பகேரியாவிலை நல்ல இடம் பார்த்திருக்கிறன்," என்றார். ரீச்சர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தொமானி?" என்றார்.

"இல்லை, புரொபெசொரெசா. இண்டைக்கு," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் வாயில் இருந்து நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர் கதிரையோடு தூக்கி மூன்று மாடியும் இறக்கினார்கள். நான் தலையணையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். சந்தையில் மீன்காரர் கத்துவதை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். அந்தப் படத்தை இல்லத்தில் மாட்ட இடமில்லை. ஸான்ட்ரோ அதைப் போர்வையில் சுற்றி மிலானோவுக்குக் கொண்டுபோனார்.

நான் திரும்பவும் சின்ன அறை ஒன்று எடுத்துக்கொண்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய ரயில் ஏறிப் பகேரியாவுக்குப் போவேன். இல்லம் சுத்தமானது. வேலை செய்த பிள்ளைகள் நல்லவர்கள். குதிக்கால், இடுப்பு எல்லாம் பார்த்தேன், ஒரு புண் இல்லை. என்னைவிட நன்றாகவே பார்த்தார்கள்.

ஆனால் முதல் ஞாயிறு நான் கதவில் தட்டிவிட்டு உள்ளே போனபோது, ரீச்சர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கண்ணை மூடினார்.

"நித்திரை போலை," என்றாள் அங்கே வேலை செய்த பெண்.

பக்கத்து அறையில் எத்தனை வருடம் படுத்தவள் நான். அவர் நித்திரையில் மூச்சு விடுவது எப்படி என்று எனக்குத் தெரியாதா? முழித்துக்கொண்டுதான் கிடந்தார். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பெண்ட்ரியின் கதையைச் சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும், அவர் பழக்கின ஒழுங்கில். ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். அவர் கேட்டது எனக்குத் தெரியும். கப்பல் ஏறும் இடம் வரும்போது தொண்டைக்குள் விழுங்குவார். கண் திறக்கமாட்டார்.

ஒரு ஞாயிறு வேண்டுமென்றே பிழையாகச் சொன்னேன். ஹரியட் இங்கிலாந்தில் செத்தாள் என்றேன். சொல்லிவிட்டு அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரிப்பின் மேல் கிடந்தது. ஒரு தட்டு. அது போதும் எனக்கு. அந்தத் தட்டில் கோபம் இருந்தாலும் பரவாயில்லை. கை அசையவில்லை. கனநேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, "மன்னியுங்கோ, புரொபெசொரெசா. பலெர்மோவிலை," என்று நானே திருத்திவிட்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.

தை மாதத்தில் சளி பிடித்து ரீச்சர் இறந்துபோனார். உடுப்புப் போடும் வேலையை எனக்குத் தந்தார்கள். விழுந்த கையை முதலில் போட்டேன்.

அடக்கம் முடிந்து ஸான்ட்ரோ என்னைத் தன்னுடைய காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதி வழியில் காரை ஓரமாக நிறுத்தினார்.

"உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்," என்றார். "நான் வந்த நேரமெல்லாம் பெரியம்மா கண்ணை மூடிப்போடுவா. ஒருக்காலும் என்னைப் பார்க்கேல்லை. என்னை வெறுத்தாலும் பரவாயில்லை. அவ தனிச்சுப் போகேல்லை எண்டால் எனக்குக் காணும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமையளிலை போனனீங்கள்தானே. உங்களையாவது பார்த்தவவோ?"

எனக்கும் அப்படித்தான் என்று வாய்வரைக்கும் வந்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் விழும் மழையைப் பார்த்தபடி இருந்தார். பெரிய உத்தியோகம் பார்க்கும் மனிதர். பள்ளிக்கூடப் பிள்ளை போல இருந்தது முகம்.

"ஓம்," என்றேன். "பார்த்தவ."

"ஏதும் சொன்னவவோ?"

"தொமானி எண்டவ."

அவர் தலையாட்டினார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் காரை எடுத்தார். என்னுடைய தெரு முனை வந்ததும் இறங்கி, இடது கையால் கதவைச் சாத்தினேன்.